விடிந்தால் ஈரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு ஆறரை வயது. வாரத்தில் நாலைந்து நாள் படுக்கையிலேயே உச்சா போய்விடுகிறான். மூன்றரை வயதுத் தங்கை ஒருநாள்கூட நனைப்பதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவனுக்குத் தண்ணீரே கொடுப்பதில்லை, நடுராத்திரி எழுப்பிக் கூட்டிப்போகிறோம், அப்படியும் விடிந்தால் ஈரம். கணவருக்குக் கோபம் வருகிறது. மாமியார், ‘சோம்பேறித்தனம், நாலு அடி போட்டால் நின்றுவிடும்’ என்கிறார். இப்போது நனைந்த டிரவுசரைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்க ஆரம்பித்திருக்கிறான். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: அந்த டிரவுசரில் இருந்தே ஆரம்பிக்கிறேன். ஆறரை வயதுப் பிள்ளை ஈரத்துணியை ஒளிக்கிறான் என்றால் வெட்கம் அவனுக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் வெட்கப்படுத்தினால் சரியாகும் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அவன் வேண்டுமென்று செய்யவில்லை, நடப்பது அவனுக்குத் தெரிவதுகூட இல்லை. அடித்தால் பயம் வரும், ஈரம் நிற்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், ராத்திரியானால் மூளையில் இருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து சிறுநீர் உற்பத்தியைக் குறைக்க வேண்டும், சில பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு தாமதமாகத்தான் வந்து சேர்கிறது, அதனால் பகல் மாதிரியே ராத்திரியும் ஊறிக்கொண்டிருக்கும். பிடித்து வைக்கிற பையும் சின்னது. வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கிப் பாருங்கள், ஆறு வயதுக்கு 210 மில்லி வருகிறதா, கிட்டத்தட்ட ஒரு டம்ளர்தான், சில பிள்ளைகளுக்கு அந்த அளவுகூடப் பிடிக்காது. இதோடு, பை நிறைந்துவிட்டது என்கிற சேதி போனாலும் தூக்கம் கலையாத பிள்ளைகளாக இருப்பார்கள், பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் புரண்டு படுக்கிற ரகம். இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது?

ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் சுமார் 15 பேர் இப்படித்தான், பத்து வயதிலும் ஏறக்குறைய 5 பேர் இருப்பார்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம். அதனால் தங்கையோடு ஒப்பிடுவதை இன்றோடு விடுங்கள், அவள் உடம்பு அவளுக்கு, இவன் உடம்பு இவனுக்கு.

இன்னொன்று, இது வாரிசாக வருகிற சமாசாரம். அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்தால் பிள்ளைக்கும் வர நூற்றுக்கு 40-க்கு மேல் வாய்ப்பு, இரண்டு பேருக்கும் இருந்தால் 75-ஐத் தாண்டும். ஒருமுறை என் அறையில் ஓர் அப்பா பையனை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு ‘இந்த வயசில் இப்படியா’ என்று பொரிந்துகொண்டிருந்தார், கூட வந்திருந்த பாட்டி கொஞ்சநேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்துவிட்டு, ‘நீ ஒன்பது வயசு வரைக்கும்டா’ என்றார். பையன் அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. உங்கள் மாமியாரிடமும் தனியாக ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், சண்டைக்கு இல்லை, தகவலுக்குத்தான். அப்பாவுக்கும் இருந்தது என்று தெரிந்தால் அதை அவரே பையனிடம் சொல்லட்டும்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். தண்ணீரை நிறுத்துவது தப்பு. பகலெல்லாம் சரியாகக் குடிக்காத பிள்ளை சாயங்காலம் தாகத்தில் தவிப்பான், நீங்களும் கொடுக்க மாட்டீர்கள், அவன் பையும் நிறையப் பழகாது. எழுந்ததில் இருந்து பள்ளி விடுகிற வரைக்கும் நன்றாகக் குடிக்கட்டும், சாயங்காலம் அளவாக, படுப்பதற்கு ஒரு மணிநேரம் முன்னால் நிறுத்தினால் போதும். டீ, காபி, கோலா மட்டும் சாயங்காலத்தில் வேண்டாம், அவற்றில் இருக்கிற கஃபீன் உச்சாவைக் கூட்டும். பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை போய் வர வேண்டும். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் காலையில் போனவன் வீட்டுக்கு வந்துதான் போகிறானா என்று நைசாக விசாரியுங்கள், நிறையப் பிள்ளைகள் அப்படித்தான் அடக்குகிறார்கள். ராத்திரி பல் தேய்க்கப் போகும்போது ஒருமுறை, கதை கேட்டு முடித்து விளக்கை அணைக்கிறதுக்கு முன்னால் இன்னொரு முறை.

அப்புறம் மலச்சிக்கல். நீங்கள் எழுதவில்லை, பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. குடலின் கடைசிப் பகுதி கெட்டிப்பட்ட மலத்தால் உப்பிக்கொண்டால் பக்கத்தில் இருக்கிற சிறுநீர்ப்பையை நெருக்கும், பை நிறைய இடமே இருக்காது. தினமும் போகிறானா, முக்குகிறானா, கூழாங்கல் மாதிரி வருகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், சில பிள்ளைகளுக்கு அதோடு படுக்கையும் காய்ந்துவிடுகிறது. மேற்கத்திய கழிப்பறையில் கால் தொங்கினால் கீழே ஒரு முக்காலி போடுங்கள், கால் ஊன்றாமல் ஒழுங்காகப் போக வராது.

நடுராத்திரி எழுப்புவது விரிப்பைக் காப்பாற்றும், பிள்ளைக்குப் பழக்கம் வராது. அரைத்தூக்கத்தில் தூக்கிக்கொண்டு போனால் தூக்கத்திலேயே போகத்தான் கற்றுக்கொள்கிறான். விருந்தாளி வீட்டில் தங்குகிற அன்று செய்யுங்கள், தினம் வேண்டாம், நீங்களும் தூங்க வேண்டும். அதற்குப் பதில் படுக்கையை இரட்டையாகப் போடுங்கள்: ரப்பர் ஷீட், மேலே விரிப்பு, அதற்கு மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு விரிப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு நனைந்தால் மேல் இரண்டையும் சேர்த்து உருவி எறிந்துவிட்டு டிரவுசரை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் தூங்கிவிடலாம், விளக்குகூடப் போட வேண்டாம்.

ஈரம் இல்லாத நாளுக்குப் பரிசு என்று சொல்லாதீர்கள், அது அவன் கையில் இல்லை. படுக்கும் முன் தானாகப் போனதற்கு, பகலில் தண்ணீர் குடித்ததற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுங்கள், அது அவன் கையில் இருக்கிறது. இரண்டு மாதம் இப்படிப் பார்த்துவிட்டு, குறையவில்லை, அவனுக்கும் வருத்தமாக இருக்கிறது என்றால் குழந்தைகள் டாக்டரிடம் போங்கள். அதற்குள் போக வேண்டியது எப்போது என்றால், பகலிலும் நனைகிறான், எரிகிறது என்கிறான், சொட்டுச் சொட்டாக வருகிறது, அல்லது தினமும் பலமாகக் குறட்டை விடுகிறான் என்றால்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது. மூன்று வருடமாக நனைத்ததே இல்லை. இரண்டு வாரமாகத் தினமும் நனைக்கிறாள். வெயில் என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்கிறாள், கொஞ்சம் மெலிந்தும் இருக்கிறாள். பள்ளி மாறியதால் வந்த பயமாக இருக்குமா?

பதில்: பள்ளி மாறியதாகவும் இருக்கலாம், தம்பி பாப்பா பிறந்தால்கூட இப்படித் திரும்ப வருவது உண்டு. ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது தாகமும் மெலிவும். இதைப் படித்துக்கொண்டிருக்கும் இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போய் சர்க்கரை பாருங்கள், விரலில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு நிமிட வேலை. குழந்தைகளுக்கு வருகிற சர்க்கரை நோய் சில சமயம் இப்படித்தான் முதலில் தெரியும். வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது, அதிகமாகச் சோர்ந்து கிடப்பது என்று இதில் ஏதாவது இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. சர்க்கரை இல்லை என்று தெரிந்த பிறகு, சிறுநீரில் கிருமி, மலச்சிக்கல், மனசு எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம்.

கேள்வி: மூன்று வயது முடியப்போகிறது, பகலில் டயப்பர் இல்லை, ராத்திரி டயப்பர் இல்லாவிட்டால் குளம். எப்போது நிறுத்தலாம்?

பதில்: காலையில் டயப்பர் தொடர்ந்து ஒரு வாரம் காய்ந்திருந்தால் கழற்றிப் பாருங்கள். அதுவரை மாட்டுங்கள். ஐந்து வயது வரைக்கும் இதை யாரும் ஒரு பிரச்சினையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: பையனுக்குப் பத்து வயது, இன்னும் வாரத்தில் மூன்று நாள். அடுத்த மாதம் பள்ளியில் இரண்டு ராத்திரி முகாம். போக மாட்டேன் என்று அழுகிறான். மாத்திரை இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது, டெஸ்மோபிரெசின் என்று பெயர், மேலே சொன்ன அந்த ராத்திரி ஹார்மோனின் வேலையைச் செய்யும். டாக்டர் எழுதித்தான் வாங்க வேண்டும். முகாமுக்கு முதல்நாள் தொடங்காதீர்கள், இப்போதே போய், வீட்டில் சில ராத்திரி போட்டுப் பார்த்து, அவனுக்கு வேலை செய்கிறதா, எவ்வளவு அளவு என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள். இதில் ஒரு விதியை விளையாட்டாக எடுக்கக்கூடாது: மாத்திரை போடுவதற்கு ஒரு மணிநேரம் முன்னால் இருந்து, போட்ட பிறகு எட்டு மணிநேரம் வரை தண்ணீர் மிடறு அளவுக்கு மேல் கூடாது. மீறிக் குடித்தால் உடம்பில் தண்ணீர் தங்கி ரத்தத்தில் சோடியம் இறங்கும், தலைவலி, வாந்தி, வலிப்பு வரைக்கும் போகும். முகாமில் ராத்திரி ஓட்டமும் கூத்தும் இருக்கும், தாகம் எடுக்கும், அதனால் இதை அவனுக்கே புரியவைத்து அனுப்ப வேண்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அன்றைக்கு மாத்திரை வேண்டாம்.

முகாம் முடிந்து வந்ததும் அலாரம் முறையைப் பற்றிக் கேளுங்கள். உள்ளாடையில் ஒரு சென்சார், ஈரம் பட்டதும் கத்தும். முதல் சில வாரம் வீடே எழும், அவன் மட்டும் எழமாட்டான், நீங்கள்தான் உலுக்கி எழுப்பிக் கூட்டிப்போக வேண்டும், பாதியில் விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விடுகிறார்கள். இரண்டு மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு, தொடர்ந்து 14 ராத்திரி காய்ந்திருக்கும் வரை ஓட்டினால் மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு ஈரம் நிற்கிறது.

முகாமுக்கு: நம்புகிற ஓர் ஆசிரியரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மகனைக் கேட்டுவிட்டு. கருப்பு நிற டிரவுசர் இரண்டு, இழுத்து மாட்டுகிற டயப்பர் உறங்கும் பையின் அடியில், ஈரத்துணிக்கு ஒரு ஜிப் வைத்த பை. உறங்கும் பைக்குள்ளேயே மாற்றிக்கொள்ள வீட்டில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிடட்டும், முதல் தடவை கால் சிக்கிக்கொள்ளும்.