கேள்வி – பதில்: ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே

சிங்கப்பூரில் சம்பளம், எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் பாருவில் குடித்தனம் என்று பலர் இருக்கிறார்களாமே. நிஜமாகவே மிச்சமாகுமா?
– வாசகர், திருச்சி

மிச்சமாகும், தூக்கம்தான் போகும். கிடங்கில் வேலை பார்த்து மாதம் 2,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வாங்குபவரை எடுத்துக்கொள்வோம். ஒரு வெள்ளிக்கு 3.2 ரிங்கிட் என்று வைத்தால் மலேசியப் பணத்தில் 6,400 ரிங்கிட். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளமோ 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். 1973 வரை இரு நாட்டுப் பணமும் ஒன்றுக்கு ஒன்று மாறின என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்?

இரு நாட்டையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நேரத்தைத் தின்பது பாலமல்ல, அதன் இரு முனைகள். பேருந்தில் போனால் மலேசியக் குடிநுழைவில் இறங்கி, முத்திரை முடித்து, மறுபடி ஏறி, பாலம் தாண்டி, சிங்கப்பூர் முனையான உட்லண்ட்ஸில் மீண்டும் இறங்கி ஏற வேண்டும். விடியும் முன்பே வரிசை கட்டிவிடும். மோட்டார் சைக்கிள்காரர்கள் முந்திவிடுவார்கள், மழை பெய்யாத வரை. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையே கட்டப்படும் 4 கிலோமீட்டர் ரயிலில் இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை போகலாம். அந்த நிலையத்தைச் சுற்றி வாடகை ஏறத்தான் செய்யும், மிச்சக் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து போகிறவர் இதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மலேசியா சுற்றுலாவுக்கு உள்ளே விடுவது வேறு, அங்கே குடியிருக்கும் உரிமை வேறு.

அப்படியானால் ஜொகூர் வெறும் படுக்கையறைதானா?
– வாசகி, மதுரை

இல்லவே இல்லை. மூவாரில் மரச்சாமான், பாசிர் கூடாங்கில் பாமாயில் சுத்திகரிப்பு, பெங்கெராங்கில் பெட்ரோலிய ஆலை என்று சொந்தக் காலில் நிற்கிற மாநிலம். தஞ்சோங் பெலேபாஸ் துறைமுகம் 2000இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தையே சிங்கப்பூரிலிருந்து தன் பக்கம் இழுத்தது. 2019இல் சிங்கப்பூர் மின்சாரத்தையும் இடத்தையும் எண்ணிப் புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்ததும், அந்தத் தொழில் பாலம் தாண்டி ஜொகூருக்கு வந்தது.

சிக்கல் ஆள்பலத்தில்தான். நன்றாகப் பழகிய வெல்டரோ தாதியோ பாலம் தாண்டினால் சம்பளம் இரட்டிப்பையும் மீறும்போது, உள்ளூர் முதலாளி எவ்வளவு கூட்டிக் கொடுத்துத் தக்கவைப்பார்? ஆள் பயிற்றுவிக்கும் செலவு இந்தப் பக்கம், பலன் அந்தப் பக்கம். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் இதைச் சரிசெய்யுமா என்பதை வரிச்சலுகையை வைத்து அளக்காமல், ஜொகூரில் கொடுக்கும் சம்பளத்தை வைத்து அளக்க வேண்டும்.

சிங்கப்பூர் தண்ணீருக்கு என்ன விலை கொடுக்கிறது?
– வாசகர், புதுச்சேரி

1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென் (நூறு சென் ஒரு ரிங்கிட்). முழு அளவும் எடுத்தால் நாளுக்கு 7,500 ரிங்கிட், அவ்வளவே. சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது. அநியாய விலை என்பது மலேசியாவின் குறை. சுத்திகரிக்க ஆகும் செலவு 50 சென்னைவிடப் பல மடங்கு என்பது சிங்கப்பூரின் பதில். ஒப்பந்தம் 2061 வரை. அதற்குள் தன் காலில் நிற்கத்தான் கழிவுநீரை மீட்பதிலும் கடல்நீரைக் குடிநீராக்குவதிலும் சிங்கப்பூர் பணத்தைக் கொட்டுகிறது.

சிங்கப்பூர் வண்டிக்கு ஜொகூரில் மலிவாகப் பெட்ரோல் போடலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

இரண்டு பக்கமும் தடை உண்டு. கிளம்பும்போதே தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும். இல்லையேல் சிங்கப்பூர்ச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் விழலாம். அந்தப் பக்கம் மானிய விலைப் பெட்ரோலான ரான்95 வெளிநாட்டு வண்டிக்குக் கிடையாது, மானியமில்லாத ரான்97 போட்டுக்கொள்ளலாம். அது மஞ்சள் குழாயில் வராது, பச்சையைப் பாருங்கள்.