ஆறாத புண்ணுக்கு வைட்டமின் ஊசி: ஆய்வில் சேரலாமா?

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்கு 66 வயது, 18 வருடமாகச் சர்க்கரை நோய். உள்ளங்காலில் வந்த புண் 5 மாதமாகியும் ஆறவில்லை. ஆறாத புண்களுக்கு வைட்டமின் சி ஊசியைச் சோதிக்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று கேட்கிறார்கள். வைட்டமின்தானே, மாத்திரையாகவே கொடுத்துவிடலாமா? அல்லது சேர்ந்தாலும் அப்பாவுக்கு வெறும் தண்ணீர் ஊசியைப் போட்டுவிடுவார்களோ?

பதில்: முதலில் வைட்டமின் சி-க்கும் புண்ணுக்கும் என்ன உறவு என்று பார்த்துவிடுவோம். ஜான் கிராண்டன் என்ற அறுவை மருத்துவர் வைட்டமின் சி துளியும் இல்லாத உணவை மாதக்கணக்கில் தானே சாப்பிட்டுப் பார்த்து 1940-ல் முடிவை வெளியிட்டார். 3-வது மாதம் அவர் முதுகில் போட்ட வெட்டு சாதாரணமாக ஆறியது, 6-வது மாதம் போட்ட வெட்டோ மேல்தோல் மட்டும் மூடி, உள்ளே ஒட்டவே இல்லை. அப்புறம் தினம் 1 கிராம் வைட்டமின் சி-யை நரம்பில் ஏற்றினார்கள், 10 நாளில் உள்ளேயும் நன்றாக ஆறத் தொடங்கிவிட்டது. சதையைப் பிடித்துவைக்கும் கொலாஜன் இழைகள் மூன்று மூன்றாக முறுக்கிக் கயிறுபோல் உறுதியாவதற்கு இந்த வைட்டமின் வேண்டும், அதுதான் காரணம்.

ஆனால் கிராண்டன் உடம்பில் அது அடியோடு தீர்ந்திருந்தது. குறைபாடு இல்லாதவருக்குக் கூடுதலாகக் கொடுத்தால் பலன் உண்டா என்பதுதான் இன்றுவரை இழுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. படுக்கைப் புண் உள்ள 20 பேரிடம் 1974-ல் செய்த ஆய்வில், தினம் இருவேளை 500 மில்லிகிராம் எடுத்தவர்களின் புண் ஒரு மாதத்தில் சராசரியாக 84 சதவீதம் சுருங்கியது, மற்றவர்களுக்கு 43 சதவீதம்தான். அதே அளவை 1995-ல் 88 பேரிடம் சோதித்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. சின்ன ஆய்வை நம்பி ஊசி போடக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். இப்படிச் சோதிக்கிறார்கள் என்பதே எனக்கு நல்ல செய்தி.

மாத்திரை ஊசிக்கு ஈடாகாது. 200 மில்லிகிராம் வரை குடல் ஏறக்குறைய முழுதாக உறிஞ்சிவிடும், 1,250 மில்லிகிராம் விழுங்கினால் பாதிகூட உள்ளே போகாது. நரம்பில் ஏற்றும்போது இந்தத் தடை இல்லை, இரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அதிக அளவு வைட்டமின் சி ஆக்சலேட் என்ற உப்பாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். அப்பாவுக்குச் சிறுநீரகம், ஜி6பிடி என்ற இந்த இரண்டு பரிசோதனையும் செய்யாமல் ஊசி போடவே விடாதீர்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது, சில குளுக்கோமீட்டர்கள் இந்த ஊசிக்குப் பிறகு சர்க்கரையை உண்மையைவிட அதிகமாகக் காட்டும், அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்துவிடுவார். அந்த நாட்களில் லேபில் நரம்பு இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் ஊசி பயம் நியாயமானதுதான். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல்தான் பிரிப்பார்கள், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்பது ஊசி போடுகிறவருக்கும் பெரும்பாலும் தெரியாது. சரி, அப்படியானால் அப்பாவுக்கு நஷ்டமா? முறையான ஆய்வில் இரு பக்கமும் வழக்கமான சிகிச்சை முழுதாக நடக்க வேண்டும்: செத்த சதையை அகற்றுவது, காலுக்கு இரத்தம் போகிறதா என்று பார்ப்பது, தொற்றைக் கட்டுப்படுத்துவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புண்மேல் உடல் எடை விழாதபடி கட்டோ காலணியோ போடுவது. இதில் ஒன்று விட்டுப்போனாலும் எந்த ஊசியும் காப்பாற்றாது. கையெழுத்துப் போடுமுன் நெறிமுறைக் குழு ஒப்புதலைக் கேளுங்கள், பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது என்றும் கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை அப்பாவுக்கு உண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தால் சேர்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் கால் சிவந்து வீங்கினாலோ, புண் நாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆய்வுக்குக் கொடுத்த அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.