தடித்த டயர் இ-பைக்குக்கு எந்த ரேக்?

கேள்வி: கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஸ்கார்பரோவில் இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கு ஒரு இ-பைக். 26 அங்குலச் சக்கரம், 4 அங்குல அகல டயர், பேட்டரியோடு ஒவ்வொன்றும் 33 கிலோ. கார் சிறிய எஸ்யூவி. பின்னால் 2 அங்குல ஹிட்ச் (பைக் ஏற்றும் ரேக்கைச் செருகும் இணைப்பு) பொருத்தியிருக்கிறோம். நண்பர் கொடுத்த பழைய ரேக்கில் டயர் உட்கார மாட்டேன் என்கிறது. காலிங்வுட் ஊர் வரை எடுத்துப்போக வேண்டும். இதையே மாற்றிக்கொள்ளலாமா, புதிது வாங்கவா?

பதில்: டயர் உட்காராதது சின்னப் பிரச்சினை. அதற்குத் தீர்வு கடையிலேயே கிடைக்கும். நீங்கள் கேட்காத கேள்விதான் பெரியது: உங்கள் கார் இந்த எடையைத் தாங்குமா?

ஹிட்ச் 2 அங்குலம் என்றால் எதையும் தாங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். 2 அங்குலம் என்பது துளையின் அளவு மட்டுமே. கார் மேனுவலை எடுத்து 'டங் வெயிட்' என்ற எண்ணைத் தேடுங்கள். ஹிட்ச் மீது நேர் கீழாக எவ்வளவு எடை அழுத்தலாம் என்பதற்கான வரம்பு அது. சிறிய எஸ்யூவிகள் பலவற்றுக்கு இழுவைத் திறன் 1,500 பவுண்டு; டங் வெயிட் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 150 பவுண்டு, சுமார் 68 கிலோ. ஹிட்சின் ஸ்டிக்கரில் 350 பவுண்டு என்று இருந்தாலும் அதைப் பார்த்து மகிழ வேண்டாம். கார், ஹிட்ச், ரேக் மூன்றுக்கும் ஆளுக்கொரு வரம்பு உண்டு. மூன்றில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

இப்போது கூட்டிப் பாருங்கள். இரண்டு பைக் 66 கிலோ. இந்த எடைக்கான நல்ல ரேக் ஒன்றே 25 கிலோ வரும். மொத்தம் 91. பேட்டரிகளைக் கழற்றினால் ஏழு கிலோ போல குறையும், அப்போதும் 84. உங்கள் கார் 68 கிலோ வகை என்றால், கடைக்காரர் எவ்வளவு விலையுயர்ந்த ரேக்கைக் காட்டினாலும் இரண்டு பைக்கையும் அதில் மாட்ட முடியாது.

அந்த நிலையில் நான் சொல்லும் வழி: ஒரு பைக் ரேக்கில், இன்னொன்று காருக்குள். நீங்கள் இரண்டு பேர்தானே, பின் சீட்டை மடித்துவிடலாம். இந்த வகை பைக்குகளில் மோட்டார் பெரும்பாலும் பின் சக்கரத்தில் இருக்கும், அதனால் முன் சக்கரம் வயர் தொந்தரவு இல்லாமல் கழன்றுவிடும். கழற்றியதும் ஹைட்ராலிக் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். யாராவது தெரியாமல் பிரேக்கை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரத்தை மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். செயின் இருக்கும் பக்கம் மேலே வரும்படி பைக்கைப் படுக்க வையுங்கள். வாங்குவதற்கு முன் உள்ளே இடம் போதுமா என்று ஒருமுறை வைத்தும் பாருங்கள்.

மேனுவலில் 350 பவுண்டு போல பெரிய எண் இருந்தால் இந்த வித்தை எல்லாம் தேவையில்லை, இரண்டையும் ரேக்கிலேயே போடலாம்.

சரி, ரேக்குக்கு வருவோம். பைக்கைக் கம்பியில் தொங்கவிடும் வகையும் டிக்கி கதவில் ஸ்ட்ராப் போட்டுக் கட்டும் வகையும் உங்களுக்கு ஆகாது. கூரையும் ஆகாது, 33 கிலோவைத் தலைக்கு மேல் யார் தூக்குவது? சக்கரங்கள் ட்ரேயில் நிற்கும் பிளாட்ஃபார்ம் வகைதான் சரி. சாதாரண பிளாட்ஃபார்ம் ரேக்குகளில் பல, ஒரு பைக்குக்கு 60 பவுண்டு, அதாவது 27 கிலோதான் தாங்கும். உங்களுக்கு 80 பவுண்டு வகை வேண்டும். பேட்டரியைக் கழற்றினாலும் பைக் 29 கிலோவுக்குமேல் இருப்பதால், நண்பரின் ரேக்கில் 60 பவுண்டு என்று அச்சிட்டிருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதில் 80 பவுண்டு இருந்தால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். சாதாரண ட்ரே 3 அங்குல டயர் வரை ஏற்கும். 4 அங்குல டயர் அதன் விளிம்புகள் மேல் ஏறி உட்கார்ந்து ஆடும். தூலே, குவாட், ஒன்அப் போன்ற நிறுவனங்கள் தங்கள் ரேக்குகளுக்குத் தடித்த டயருக்கான உதிரிகளை விற்கின்றன: நீளமான ஸ்ட்ராப், அகலமான தொட்டில், ரேக்கின் கையை விரித்துக் கொடுக்கும் ஸ்பேசர் என்று மாடலுக்கு ஏற்ப மாறும். உங்கள் மாடலுக்கு உரியதை மட்டும் வாங்குங்கள். ட்ரேயில் துளை போட்டு மரக்கட்டை பொருத்துவது, பங்கி கயிற்றால் இழுத்துக் கட்டுவது எல்லாம் நெடுஞ்சாலைக்கு வேண்டாம். பங்கி கயிறு ரப்பர். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நீண்டு கொடுக்கும்.

பிடிக்கும் முறையும் முக்கியம். ஃபிரேமைக் கவ்வும் ரேக்கில், பேட்டரி பதித்த தடித்த குழாய் கிளாம்புக்குள் அடங்காமல் போகலாம். டயரை மேலிருந்து அழுத்தும் கொக்கி வகை இ-பைக்குக்கு வசதி. ஆனால் அது மட்கார்டு இருக்கும் இடத்தில்தான் வந்து அழுத்தும். முன் மட்கார்டைக் கழற்றச் சோம்பல்பட்டு ஒன்றை உடைத்தவன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன். இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தையும் டேப் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ரேக்குகளுக்கு அதிலும் வரம்பு உண்டு.

பைக்கை ஏற்றும் சாய்பலகையான ரேம்ப் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடுங்கள், முதுகுக்கு நல்லது. பைக்கில் நடை உதவி வசதி (தள்ளி நடக்கும்போது மோட்டார் மெல்ல உதவுவது) இருந்தால் பேட்டரியோடு ரேம்பில் மெல்ல ஏற்றிவிட்டு, பிறகு பேட்டரியைக் கழற்றலாம். வேகம் கூட்டும் த்ராட்டிலில் மட்டும் கை படக்கூடாது. பட்டால் பைக் உங்களையும் இழுத்துக்கொண்டு பாயும். கழற்றிய இடத்தில் தெரியும் மின் இணைப்புகளைப் பிளாஸ்டிக் உறையால் மூடி டேப் ஒட்டுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் மழைத்துளி எங்கும் புகும். அதற்காக முழு பைக்கையும் தார்ப்பாயால் போர்த்தாதீர்கள், காற்றில் அது பாய்மரமாகிவிடும்.

இந்த டயர்களில் காற்று குறைவாகவே வைத்து ஓட்டுவோம். மணலில் ஓட்ட 10 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருந்தால், ஏற்றும் முன் 20 வரை அடித்துக்கொள்ளுங்கள், டயரில் எழுதியிருக்கும் உச்சத்தைத் தாண்டாமல். மெத்தென்ற டயர் வழியில் அமுங்கும், ஸ்ட்ராப் தளரும். கிளம்பிப் பத்து இருபது கிலோமீட்டரில் ஓரம் கட்டி எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள். ரேக்கில் ஒரே பைக் என்றால் காரை ஒட்டிய ட்ரேயில் வையுங்கள். சைலன்சர் வாய்க்கு நேரே டயர் வருகிறதா என்றும் பாருங்கள். சூட்டில் ரப்பர் உருகும். ஹிட்சை நீட்டும் குழாய் எதுவும் வேண்டாம், அது தாங்கும் திறனைப் பாதிவரை குறைத்துவிடும்.

ஒன்டாரியோவில் நம்பர் பிளேட் மறைந்தால் குற்றம், ரேக்கால் மறைந்தாலும்தான். பின் விளக்குகளும் தெரிய வேண்டும். பின்பக்கத் தானியங்கி பிரேக் உள்ள கார் என்றால் ரிவர்ஸ் எடுக்கும்போது ரேக்கைச் சுவர் என்று நினைத்து நின்றுவிடலாம். அதை அணைக்கும் பொத்தானை வீட்டு வாசலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் வந்ததும் ரேக்கைக் கழற்றி உள்ளே வையுங்கள். பனிக்காகச் சாலையில் போடும் உப்பில், ரேக்கை ஹிட்சோடு பூட்டும் ஊசி (பின்) துருப்பிடித்து இறுகிவிட்டால் வசந்தத்தில் சுத்தியலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.