சைக்கிள் சந்தேகங்கள்

கேள்வி: அப்பாவின் ராலே சைக்கிளில் ஸ்டர்மே-ஆர்ச்சர் நிறுவனத்தின் ஏ.டபிள்யூ. மாடல் மூன்று கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) இருக்கிறது. அதன் வயதை அறிவது எப்படி?

பதில்: ஹப் உருளையைப் பாருங்கள். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும். எமரித் தாள் வேண்டாம். எழுத்தும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஏ.டபிள்யூ. முத்திரையருகே 52, 8 என்றிருந்தால் 1952 ஆகஸ்ட் தயாரிப்பு. 12-க்கு மேற்பட்ட எண் மாதமாக இருக்க முடியாது.

இது ஹப்பின் வயதுதான், வண்டியின் வயதல்ல. ஹப் சில மாதம் முன்பே செய்யப்பட்டிருக்கும். சக்கரமே பிறகு மாற்றப்பட்டும் இருக்கலாம். போக்ஸ் கம்பிகளையும் எண்ணுங்கள்: முன்னே 32, பின்னே 40 என்பதே அக்கால ஆங்கிலேய வழக்கம். இரண்டிலும் 36 என்றால் சந்தேகப்படலாம். உருளை பழையதாக இருந்து உள்பாகங்கள் மாறியிருப்பதும் சகஜம். அதை முத்திரை காட்டாது.

கேள்வி: ஷிமானோ நிறுவனத்தின் சைக்கிள் பாகங்களில் தயாரிப்புக் காலத்தைக் காட்ட இரண்டு எழுத்து மட்டுமே உள்ளதே?

பதில்: முதலெழுத்து ஆண்டு (ஏ என்றால் 1976), அடுத்தது மாதம் (ஏ முதல் எல் வரை). ஜி.எஃப். என்றால் 1982 ஜூன். 2002-இல் மீண்டும் ஏ தொடங்கியதால் மாடலையும் பார்த்தே முடிவு செய்யுங்கள். கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) இந்த எழுத்துகள் உட்புறம் இருக்கும்.