தரையில் உட்கார்ந்து பாருங்கள்

அன்புள்ள ஐயா,

நங்கநல்லூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். நான் வயலின் வாசிக்கிறேன். கச்சேரி, வகுப்பு, வீட்டிலேயே கொஞ்சம் ரெக்கார்டிங். சின்ன அறை முழுக்கச் சாமான்: இரண்டு வயலின், கீபோர்டு, ஸ்பீக்கர், மைக், மூன்று பை நிறைய வயர், ஓடாத சுருதிப் பெட்டி ஒன்று, அப்பாவின் மிருதங்கம், என் குருநாதர் வகுப்பில் பதிந்த கேசட்டுகள் இரண்டு அட்டைப்பெட்டி. சாதகத்துக்கு உட்காரும் முன் சாமான்களை ஒதுக்கவே அரைமணி நேரம் ஆகிறது. "பாதியைத் தூக்கிப் போடுங்கள்" என்கிறாள் மனைவி. மார்கழிக்குள் சரிசெய்ய வேண்டும். எதைப் போடுவது? பெரிய அலமாரி ஒன்று வாங்கலாமா?

ஒரு வாசகர், நங்கநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

அலமாரி இப்போது வேண்டாம். அறையை ஒருநாள் முழுசாகக் காலி செய்து, ஒரு பாயை விரித்து, வயலினை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நீங்கள் வாசிப்பது தரையில். ஆனால் நம்மில் பலர் வீட்டு ஸ்டூடியோவை மேஜை நாற்காலியில் வேலை செய்கிறவரின் அறையைப் பார்த்து அமைத்துவிடுகிறோம். லேப்டாப் மேலே, ஸ்பீக்கர் மேலே, வாசிப்பவர் கீழே. ஒவ்வொரு டேக்குக்கும் எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. எழ அலுப்பாக இருக்கும்போது கையில் இருப்பதைப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறோம். அடைசல் இங்கேதான் ஆரம்பிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தை முதலில் தீர்மானியுங்கள். கணக்குப்பிள்ளை மேஜை மாதிரி தாழ்வான ஒன்றில் லேப்டாப்பும், மைக்கை அதோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் இருக்கட்டும். மைக்குக்கு உயரம் குறைந்த ஸ்டாண்டு போதும். ரோசின், உதிரித் தந்தி, பென்சில், நொட்டேஷன் நோட்டு எல்லாம் ஒரே ஒரு டப்பாவில். தினமும் தொடாத எதற்கும் இந்த வட்டத்துக்குள் இடம் கிடையாது. கீபோர்டை வாரத்தில் ஒருநாள்தான் தொடுகிறீர்கள் என்றால் உறை போட்டுச் சுவரோரமாக நிறுத்திவிடுங்கள்.

தினமும் வாசிக்கும் வயலின் சுவரில் தொங்கலாம். குளியலறையை ஒட்டிய சுவரும், மேற்கு வெயில் அடிக்கும் சுவரும், ஏசி காற்று நேராகப் படும் இடமும் ஆகாது. மரவாத்தியத்துக்கு 40 முதல் 60 சதவீதம் வரை ஈரப்பதம் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்று 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். இரண்டாவது வயலினின் பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஆனால் மூடியபடியே மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். இருட்டான பெட்டியில் வில்லின் முடியைத் தின்னும் சின்னப் புழு உண்டு. திறந்து பார்க்கும்போது முடி கத்தரித்தது போல அறுந்து கிடக்கும். பெட்டியை வெயில் காட்டி, உள் துணியை வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்ய வேண்டும். வில்லைத் தளர்த்தி வைப்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எந்த வாத்தியத்தையும் தரையோடு தரையாகச் சேமிக்காதீர்கள், குறிப்பாகத் தரைத்தளத்தில் இருந்தால். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது.

இனி வயர். மூன்று பைகளையும் கொட்டி, ஒவ்வொன்றையும் செருகி, ஆட்டிப் பாருங்கள். கரகரவென்றால் முனையைத் திரும்பப் பற்றவைக்கலாம். அதற்கு மனம் வராத வயரை இன்றே கழித்துவிடுங்கள். நல்லதைச் சுருட்டி வெல்க்ரோ பட்டையால் கட்டுங்கள். ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம்: சென்னை வெயிலுக்கு அது இளகி வயரோடு ஒட்டிக்கொள்ளும், பிய்த்தாலும் பிசுபிசுப்பு போகாது. அடாப்டர்களில் இன்னும் கவனம் தேவை. ஒலியை மாற்றக் காலால் அழுத்தும் பெடல்களில் பெரும்பாலானவை 9 வோல்ட்டில், நடுமுனை நெகட்டிவாக ஓடும். பார்வைக்கு அதே மாதிரியான வேறு அடாப்டரில் நடுமுனை பாசிட்டிவாக இருக்கும். மாற்றிச் செருகினால் கருவி போய்விடலாம். எது எதற்கு என்று காகிதம் ஒட்டி எழுதிவிடுங்கள். மின்சார வயரையும் மைக் வயரையும் சேர்த்துக் கட்டாதீர்கள், இரைச்சல் வரும். இரைச்சல் வருகிறதே என்று எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

ஓடாத சுருதிப் பெட்டியை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் காட்டுங்கள். சரியாகாது என்றால் மின்கழிவாகக் கொடுத்துவிடுங்கள். எதற்கென்றே தெரியாத வயர், காலிப் பெட்டிகள், பழைய கையேடுகள் எல்லாம் போகலாம். உங்கள் மனைவி சொன்ன பாதி அநேகமாக இதிலேயே தேறிவிடும்.

ஆனால் கேசட்டுகள்! உங்கள் கடிதத்தில் அவற்றைக் கடைசியில் வைத்திருந்தீர்கள். நான் முதலில் வைப்பேன். வயலின் இன்னொன்று வாங்கலாம், மைக் வாங்கலாம். உங்கள் குரு ஒரு சங்கதியை உங்களுக்காக மூன்று முறை திருப்பிப் பாடியது அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது. முதலில் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சின்னத் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள், தவறி மேலே வேறு எதுவும் பதிவாகாது. பிறகு கேசட்டின் நடுவில் உள்ள சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால், பிளேயரில் நாடா உரசிப் போகும் ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் பரவும். அவற்றைத் தனிப் பெட்டியில் ஒதுக்கி, நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். மற்றவற்றை நீங்களே கணினிக்கு மாற்றலாம். 90 நிமிடக் கேசட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகத்தான் ஆகும், குறுக்குவழி இல்லை. ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு, 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். பழைய பிளேயர் வேகம் கூடியோ குறைந்தோ ஓடும். உங்கள் குரு எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுவார் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? தம்பூரா சுருதியை அதோடு ஒப்பிட்டால் வேகம் சரியா என்று தெரிந்துவிடும். வேறு யாராலும் இதை இவ்வளவு நிச்சயமாகச் செய்ய முடியாது. முடித்ததும் ஒரு பிரதி உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு ஒருவர் வீட்டில்.

அப்பாவின் மிருதங்கத்தைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாசிக்காமல் கிடந்தால் தோலின் நடுவில் உள்ள கறுப்புக் கரணை வெடித்து உதிரும், தோலைப் பூச்சி அரிக்கும். மயிலாப்பூரில் மூட்டுகிறவர்களிடம் கொண்டுபோய் வலப்பக்கத் தோலான வலந்தலையும், இடப்பக்கத் தொப்பியும் மாற்றுங்கள். பலாமரக் கட்டை நன்றாக இருந்தால் அது இன்னும் பல காலம் பேசும். பிறகு உங்கள் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் மிருதங்கம் கற்கிறவர் யாராவது இருந்தால் அவர் கையில் கொடுத்து, உங்களோடு வாசிக்கச் சொல்லுங்கள். வாத்தியம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் பரண் மேல் வேண்டாம்.

மார்கழிக்கு ஒரே ஒரு ஏற்பாடு. கச்சேரிப் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்: உதிரித் தந்திகள், ரோசின், சுருதிப் பெட்டி, வயலினிலேயே பொருத்தும் காண்டாக்ட் மைக், அதற்குப் புது பேட்டரி. சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் மைக் வீணாகும். வீட்டு ரெக்கார்டிங்குக்கு ஏதாவது அவசரமாகத் தேவைப்பட்டாலும் அந்தப் பையில் கை வைக்காதீர்கள். தேவைப்படுவதை வீட்டுக்கென்று இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் உங்களைத் தயங்காமல் செலவு செய்யச் சொல்லும் இடம் இதுதான்.