காசியில் கிடைக்காத நிறைவு – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கடந்த ஜனவரியில் குடும்பத்தோடு காசிக்குச் சென்று வந்தோம். நான்கு நாட்களில் பிரயாகை, காசி, கயை, அயோத்தி என்பது திட்டம். பனிமூட்டத்தால் ரயில் ஒன்பது மணி நேரம் தாமதம். காசியில் சந்தெல்லாம் சாணம், படித்துறையில் குப்பை, படகுக்காரரோடு கூலித் தகராறு. “எல்லாவற்றையும் பாசிட்டிவாக எடுத்துக்கொள்” என்றார் கணவர். எரிச்சல் கூடியதுதான் மிச்சம். காசியில் நிறைவு கிடைத்தது என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்களா, அல்லது குறை என்னிடமா? அடுத்த ஆண்டு தன்னையும் அழைத்துப்போகச் சொல்கிறார் மாமியார். போகலாமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அவர்கள் பொய் சொல்லவில்லை; உங்களிடமும் பெரிய குறை இல்லை. நான் குறை காண்பது உங்கள் பயணத் திட்டத்தில்தான். அடுத்த வண்டியைப் பிடிக்கும் பதற்றத்தில் இருப்பவருக்கு, சந்தில் படுத்திருக்கும் மாடு முதல் கோயில் வரிசை வரை எல்லாமே இடைஞ்சலாகத்தான் தெரியும்.

உங்கள் கணவர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் மனம் கட்டளைக்குத் திறப்பதில்லை. ‘இது ஏன் இப்படி இருக்கிறது?’ என்று கேட்கத் தொடங்கும்போது அது தானாகவே திறந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ரயிலையே எடுத்துக்கொள்வோம். மார்கழியிலும் தையிலும் கங்கைச் சமவெளியில் பல நாள் காற்று அசைவதில்லை; இரவில் தரை குளிர, ஆறுகளிலிருந்தும் பாசன வயல்களிலிருந்தும் எழும் ஈரம் மூட்டமாகப் படிந்துவிடும். ஓட்டுநரின் கண்ணுக்குச் சிக்னல் புலப்படாது என்பதால், அதற்குச் சற்று முன்னால் தண்டவாளத்தின் மீது சிறு வெடிகளைப் பொருத்தி வைக்கும் வழக்கம் ரயில்வேயில் உண்டு. சக்கரம் ஏறியதும் எழும் வெடியோசையைக் கொண்டு சிக்னல் நெருங்குவதை அவர் அறிந்துகொள்வார். அதை வைப்பதற்காக நள்ளிரவுக் குளிரில் தண்டவாளத்தோரம் ஓர் ஊழியர் நடந்துபோகிறார் என்று தெரிந்துகொள்வதால் தாமதம் ஒரு நிமிடமும் குறையாது. யார் மீது என்றே தெரியாமல் பட்டுக்கொண்டிருந்த கோபம் குறையும்.

அதே பனிக்காலம்தான் காசிக்கு ‘மலைய்யோ’ என்ற இனிப்பையும் தருகிறது. காய்ச்சிய பாலை இரவு முழுவதும் திறந்த வெளியில் பனிபட வைத்து, விடியுமுன் குங்குமப்பூவும் ஏலக்காயும் சேர்த்துக் கடைந்து, மேலே திரளும் நுரையை மட்டும் வழித்தெடுத்து மண்குவளையில் தருகிறார்கள். மெல்லுவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. மஞ்சள் நுரை நாக்கில் பட்டதும் கரைந்து ஏலக்காய் மணம் மட்டும் நிற்கும். வெயில் ஏறினால் நுரை அமுங்கிவிடும் என்பதால் காலையிலேயே விற்றுத் தீர்த்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் குடும்பம் விடுதி அறையில் ஃபில்டர் காபி கிடைக்கவில்லை என்று வருந்திக்கொண்டிருந்திருக்கும் என்பது என் ஊகம். வடக்கே போகும் நம்மவர்கள் முதலில் தேடுவது அதைத்தானே!

இதையெல்லாம் சொல்வதால், குப்பையைக் காணாததுபோல இருங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். காசி சங்கட மோசன் கோயிலின் தலைமைப் பூசாரியாக இருந்த வீரபத்ர மிஸ்ரா, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியராகவும் இருந்தார். கங்கையில் நீராடுவதை அன்றாடக் கடமையாகக் கொண்டிருந்த அவர்தான், அதில் கலக்கும் சாக்கடையைத் தடுப்பதற்காக 1982-இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, துளசி படித்துறையில் ஆய்வகம் அமைத்து நீரைச் சோதிக்கச் செய்து, 2013-இல் மறையும் வரை அதற்காகப் போராடினார். அழுக்கு அவருடைய பக்தியைக் கெடுக்கவில்லை. பக்தி அழுக்கை மறைக்கவும் இல்லை. குப்பையைக் கண்ட நீங்கள் அதோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் இன்னும் சற்று நேரம் அங்கே நின்றிருக்கலாம் என்பதே என் எண்ணம். காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுவதால் படித்துறைகள் கிழக்கு பார்த்தவை. மூட்டம் விலகும் நாளில் எதிர்க்கரை மணல்வெளிக்கு மேலே சூரியன் எழுவதைப் படியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

படகுக்காரர் ஏமாற்றியிருந்தால் அது ஏமாற்றுதான். அதில் நல்லது தேட வேண்டியதில்லை. ஏறுமுன் கூலியைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

மாமியாரைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். நவம்பர் பிற்பகுதி ஏற்றது. பெரும் பனிமூட்டம் அப்போது பெரும்பாலும் தொடங்கியிருக்காது, மலைய்யோ வந்திருக்கும். வட இந்தியக் கணக்கில் வரும் கார்த்திகைப் பௌர்ணமியன்று, படித்துறையெங்கும் விளக்கேற்றும் தேவ தீபாவளிக் கூட்டத்தில் வயதானவர்கள் படிகளில் நிற்க முடியாது என்பதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். அயோத்தியை இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, அந்த ஒரு நாளைக் காசியிலேயே எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டுவையுங்கள். கேதார் படித்துறை, அனுமான் படித்துறைப் பக்கம் தங்கினால் தமிழ் பேசுபவர்கள் இருப்பார்கள். மாமியாருக்கு இட்லிக்கும் வழி பிறக்கும்.