கெப்புக்கு பிரேக் ஒயில் மாத்திறது: இந்தக் கிழமை வந்த கேள்விகள்

கெப்புக்கு பிரேக் ஒயில் வீட்டிலயே மாத்தலாம், பெரிய வேலை இல்லை எண்டு போன முறை ஒரு வரி எழுதினன், அவ்வளவுதான், அதுக்குப் பிறகு ஃபோனுக்கு ஓய்வே இல்லை. எல்லாருக்கும் தனித்தனியா எழுத ஏலாது, ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்டாச் சேத்து, கேட்டவரின்ர ஊரை முன்னால போட்டிருக்கிறன். முதல்லயே ஒண்டு சொல்லிப்போடுறன்: வெறும் ஜக்கில நிக்கிற வண்டிக்குக் கீழ தலையைக் குடுக்காதீங்க. ஸ்டாண்ட் இல்லையெண்டா வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

உப்புவெளி: என்ர ஓட்டமெல்லாம் டவுனுக்குள்ளதான், மலை ஏறி இறங்கிறதில்லை. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தத்தான் வேணுமா?

வேணும். இது ஓடின மைலைப் பாத்துப் பழுதாகிற ஒயில் இல்லை. தண்ணியை இழுக்கிற சாமான், வண்டி போர்ட்டிகோவில சும்மா நிண்டாலும் ரப்பர் ஹோசுக்குள்ளால, பிரேக் ஒயில் ஊத்துற டப்பா, அதுதான் ரிசவர், அதின்ர மூடியில இருக்கிற காத்துத் துளையால கொஞ்சம் கொஞ்சமா ஈரம் இழுத்துக்கொண்டே இருக்கும், அதுவும் எங்கட ஊர்க் கடல்காத்தைச் சொல்லவே வேண்டாம். டொட் எண்டா ரின்னில போட்டிருக்கிற பிரேக் ஒயில் தரம். புது டொட் 3 எண்டா 205 பாகைக்குக் கீழ கொதிக்காது, அதுக்குள்ள நாலு வீதம் அளவில தண்ணி சேந்திட்டுதெண்டா 140 போதும். டொட் 4க்கு 230, ஈரமானா 155. கொதிச்சா ஆவி வரும், பெடலை மிதிச்சா ஆவிதான் அமத்துப்படும், சில்லு நிக்காது. டவுனுக்குள்ள மட்டும் ஓடுறன் எண்டு சொல்ற ஆள்தான் தைப்பொங்கல் லீவுக்குக் குடும்பத்தை ஏத்திக்கொண்டு நுவரெலியா வெளிக்கிடுறது. கொதிக்காட்டிலும் அந்தத் தண்ணி உள்ளுக்கு, சில்லில பிரேக்கைத் தள்ளுற வீல் பம்பில துரு வைக்கும்.

மூதூர்: டொட் 5 நல்லமா, டொட் 5.1 நல்லமா?

நானா, இது ரெண்டும் அண்ணன் தம்பி இல்லை. 5 எண்டா சிலிக்கன், உங்கட வண்டிக்குள்ள இருக்கிறதோட சேராது, கிட்டவும் கொண்டு போகாதீங்க. 5.1 எண்டா 3, 4 மாதிரி கிளைக்கோல்தான், சேரும். ரிசவர் மூடியில என்ன போட்டிருக்கோ அதை ஊத்துங்க. 3 எண்டு போட்டிருந்தா 4 ஊத்தலாம், 4 எண்டு போட்டிருந்தா 3க்கு இறங்க வேண்டாம்.

ஊர் எழுதேல்லை: பிரேக் சரியில்லை. என்ன செய்ய?

என்ன வண்டி, எந்த வருசம், ஏபிஎஸ் (சில்லு பூட்டுப்படாமப் பாக்கிற சாமான்) இருக்கா, பெடல் மெத்து மெத்தெண்டு போகுதா, கீழ வரைக்கும் போகுதா, ஒரு பக்கம் இழுக்குதா? ஒண்டுமே எழுதாம என்ன செய்ய எண்டு கேட்டா, ஓட்டாம நிப்பாட்டுங்க எண்டுதான் சொல்லலாம்.

கிண்ணியா: பழைய ஒயிலை வெளிய விட வீடியோவில வலது பின் சில்லில தொடங்கச் சொல்றாங்க. சரியா?

அது அமெரிக்கா வண்டி. அங்க ஸ்டியரிங் இடது பக்கம், பெடல் அமத்துற மாஸ்டர் பம்பும் இடது பக்கம், அதனால தூரத்தில இருக்கிற சில்லு வலது பின். எங்கட ரோட்டில ஓடுறதுக்கு ஸ்டியரிங் வலது பக்கம், அப்ப தூரம் இடது பின்னுக்கு. அதில தொடங்கி வலது பின், பிறகு இடது முன், கடைசியா வலது முன். வண்டிக்கு மனுவல் இருந்து அதில வேற ஒழுங்கு போட்டிருந்தா அதுதான் சரி. ஒரு லீட்டர் போதும், பின்னுக்குக் கொஞ்சம் கூடப் போகும், முன்னுக்குக் குறைய. புது ஒயில் தெளிவா வரும்வரைக்கும் விடுங்க. ரிசவரைக் காய விட்டிடாதீங்க, காத்து உள்ளுக்குப் போனா முதல்ல இருந்து தொடங்க வேண்டியதுதான், ஏபிஎஸ் வண்டியெண்டா அந்தக் காத்தை எடுக்க ஸ்கேனர் இல்லாம ஏலாமப் போகவும் கூடும்.

நிலாவெளி: இவர் சில்லில ஒயில் வெளிய விடுற நிப்பிளைத் திறக்கிறார், என்னை பெடல் மிதிக்கச் சொல்றார், எப்படி மிதிச்சாலும் ஏச்சு. நான் செய்றது பிழையா?

தங்கச்சி, ஏச்சு வாங்க வேண்டியது அவர்தான், சொல்லித் தராம மிதி எண்டா எப்படி? எஞ்சினை நிப்பாட்டிட்டு வேலையைத் தொடங்குங்க. அவர் "அமத்து" எண்டா மெதுவா அமத்துங்க, "பிடிச்சிட்டன்" எண்டு சொல்லிட்டு அப்பிடியே வைச்சிருங்க. அவர் நிப்பிளைத் திறக்கேக்க பெடல் கீழ போகும், போகட்டும், கால் எடுக்காதீங்க. அவர் இறுக்கி "விடு" எண்ட பிறகுதான் கால் எடுக்கிறது. நிப்பிள் திறந்து கிடக்கேக்க கால் எடுத்தா காத்து உள்ளுக்கு இழுத்திடும், சண்டை வாறது அதிலதான். இன்னொண்டு, பழைய வண்டியெண்டா பெடலுக்குக் கீழ ஒரு பலகைத் துண்டு வைங்க. மாஸ்டர் பம்பில நாளாந்தம் உள்ள இருக்கிற ரப்பர் கப் போகாத அடிப்பக்கம் துருவும் ஊத்தையுமா இருக்கும், பெடலை ஒரேயடியா அடிவரைக்கும் மிதிச்சா கப் அதில உரஞ்சி வெட்டுப்பட்டிடும். ஒயில் மாத்தப் போய் மாஸ்டர் பம்ப் மாத்தின ஆக்கள் கனபேர் இருக்கினம்.

அவருக்கும் சொல்லுங்க: மீன் தொட்டிக்குப் போடுற தெளிவான ரியூப் ஒண்டு வாங்கி, ஒரு நுனியை நிப்பிளில மாட்டி, மறு நுனியை ஒரு போத்தலில கொஞ்சம் பிரேக் ஒயிலுக்குள்ள அமிழ்த்தி வைக்கச் சொல்லி.

கொட்பே: மீன் ஏத்துற வண்டி. பின் நிப்பிள் அசையவே இல்லை. சுத்தியலால அடிக்கலாமா?

ஐஸ் தண்ணியும் உப்பும் கலந்து பின்னுக்கு ஒழுகி ஒழுகி அந்த வண்டிகள் கீழ என்ன கோலத்தில இருக்குமெண்டு எனக்குத் தெரியும். முதல் நாள் இரவே துரு இளக்கிற ஒயில் அடிச்சு விடுங்க. அடுத்த நாள் ரிங் ஸ்பனர் போட்டு, ஓப்பன் ஸ்பனர் போடவே போடாதீங்க மூலை உருளும், இறுக்கிற பக்கம் ஒரு பொட்டு, பிறகு திறக்கிற பக்கம் ஒரு பொட்டு. மெல்லத் தட்டலாம், அடிக்கிறதில்லை. நிப்பிள் முறிஞ்சா வீல் பம்ப் மாத்த வேண்டி வரும். அதுக்கும் மேல, சேசி வழியா போற பிரேக் குழாயை கிளிப் கிளிப்பா பாத்துக்கொண்டு போங்க. நகத்தால சுரண்டி துரு செதிலா விழுந்தா ஒயில் மாத்திற கதையை விடுங்க, குழாயை மாத்துங்க. வேலை முடிய நிப்பிளுக்கு ரப்பர் மூடி போடுங்க, மூடி இல்லாதபடியாத்தான் இந்த வேலையே வந்தது.

சீனக்குடா: போன வருசம் அரை ரின் மிஞ்சினது ஷெட்டில கிடக்கு. அதோட, நிப்பிளால வாற ஒயில் கடைசியில சுத்தமாத்தானே வருது, அதைத் திரும்ப மேல ஊத்தினா என்ன?

இதுக்குத்தான் காத்துக்கொண்டு இருந்தன். தண்ணி இழுக்கிற சாமான் எண்டு மேல சொன்னனா இல்லையா? அப்ப ஒரு வருசமா மூடி சரியா இறுகாம ஷெட்டில, அதுவும் மாரி மழையில, கிடந்த அரை ரின்னுக்குள்ள என்ன இருக்கும்? உள்ள இருக்கிற பழைய ஒயிலை எடுத்திட்டு அதே மாதிரி ஈரமான ஒயிலை ஊத்திறதுக்குப் பேர் மாத்திறதில்லை, இடம் மாத்திறது. நிறத்தைப் பாத்து நல்லமெண்டு சொல்லாதீங்க, தண்ணிக்கு நிறம் இல்லை. திறந்த ரின்னை நல்லா மூடி வைச்சு சில மாதத்துக்குள்ள ரிசவரில குறைஞ்சதை நிரப்பப் பாவிச்சா சரி, வருசம் போனதைத் தொடாதீங்க. நிப்பிளால வந்தது எப்பிடித் தெரிஞ்சாலும் வந்ததுதான், அதில காத்துக்குமிழும் ஊத்தையும் இருக்கும்.

என்ர கையாலயே நடந்தது ஒண்டு. இருபது இருபத்தொரு வயசு, ஒரு கராஜில வேலை பழகிக்கொண்டு இருந்தன். அங்க பெரிய ரின் ஒண்டு, மூடி எங்கயோ துலைஞ்சு போய் மேல ஒரு துணித்துண்டு சுத்திக் கிடக்கும், வாற வண்டிக்கெல்லாம் அதிலதான் ஊத்திறது. மரக்கறி ஏத்துற கெப் ஒண்டுக்கு அதையே ஊத்தி, புது ஒயில் போட்டிருக்கு எண்டு நான்தான் சாவி குடுத்தன். ஆள் நுவரெலியாவில கரட்டும் கோவாவும் மூட்டையா அடுக்கி ரம்பொடை இறக்கத்தில வரேக்க பெடல் கடற்பஞ்சு மாதிரி இறங்கிட்டுது. செக்கன் கியருக்குப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மண் மேட்டுப் பக்கம் உரஞ்சி நிப்பாட்டியிருக்கிறார். ஒரு மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு பெடல் திரும்பவும் கல்லு மாதிரி! அதாலயே கனபேருக்கு விளங்கிறதில்லை, ஆவி ஆறினா திரும்பத் தண்ணியாகிடும், கராஜுக்குக் கொண்டு வந்து காட்டினா ஒரு பிழையும் தெரியாது. எங்களுக்கும் தெரியேல்லை, டிரைவர் பிரேக்கில கால் வைச்சுக்கொண்டே இறங்கியிருக்கிறான் எண்டு எல்லாரும் அவரிலதான் பழியைப் போட்டம். இப்ப நினைச்சாலும் வெக்கம்.

கடையில சின்னப் போத்தலில லூசா ஊத்தித் தந்தாலும் வாங்காதீங்க. சீல் உடைக்காத ரின், வேலைக்கு அளவான சைஸ். வேலை நடக்கிற நேரமும் ரின்னை மூடி வையுங்க, ரிசவரையும் மூடி வையுங்க.

தம்பலகாமம்: தெரியாம பிரேக் ரிசவருக்குள்ள பவர் ஸ்டியரிங் ஒயில் கொஞ்சம் விட்டிட்டன். பரவாயில்லையா?

பரவாயிருக்கு. வண்டியை அசைக்காதீங்க, பெடலைத் தொடாதீங்க. பெற்றோலிய வகை ஒயில் பட்டா உள்ளுக்கு இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதும், பிறகு பிரேக் பிடிச்சது விடாது. பெடல் மிதிக்க முதலே உறிஞ்சி எடுத்து ரிசவரைக் கழட்டிக் கழுவினா தப்பலாம். மிதிச்சு ஓடியிருந்தா கப், ஹோஸ், மாஸ்டர் பம்ப் எல்லாம் செலவு. கழுவிறதுக்கும் பெற்றோல், டீசல் பாவிக்காதீங்க, பிரேக் கிளீனர் இல்லையெண்டா ஸ்பிரிட்.

கந்தளாய்: எல்லாம் ஒழுங்காச் செய்தன், பெடல் இன்னும் கீழதான் போகுது.

கீழ போய் கல்லு மாதிரி நிக்குதா, பஞ்சு மாதிரியா? கல்லெண்டா காத்து இல்லை, பின் டிரம்மில லைனர் தேஞ்சு அட்ஜஸ்ட் பண்ணாமக் கிடக்கு, ஒயில் மாத்த முதல் பாத்திருக்க வேண்டிய வேலை. பஞ்செண்டா காத்து. எஞ்சின் ஓடேக்க பெடலை அமத்திப் பிடிச்சிருக்க மெல்ல மெல்ல இறங்கினா, வெளிய கசிவும் இல்லையெண்டா, மாஸ்டர் பம்ப் உள்ளுக்கு விடுது. இன்னொண்டும் பாருங்க, பின் அச்சுக்கு மேல சேசியில ஒரு வால்வும் அதில இருந்து அச்சுக்கு ஒரு கம்பியும் இருந்தா, அது பாரத்தைப் பாத்து பின் பிரேக்குக்கு ஒயில் விடுற வால்வு. சேசியில ஸ்டாண்ட் வைச்சு அச்சைத் தொங்கவிட்டா பாரம் இல்லையெண்டு நினைச்சு அது அடைச்சுப் பிடிக்கும், பின்னுக்கு ஒயில் வராது. ஸ்டாண்டை அச்சுக்குக் கீழ வையுங்க. சில ஹைலக்ஸில அந்த வால்விலயும் ஒரு நிப்பிள் இருக்கும், அதையும் மறக்காதீங்க.

திரும்பவும் உப்புவெளி: மட்கார்ட்டில சிந்திட்டுது.

துடைக்காதீங்க, தண்ணியை ஊத்துங்க, உடனே. நிண்டா பெயின்ட் உரியும்.

பாலையூற்று: பழைய ஒயிலை வேலிக்கட்டைக்குக் கறையான் வராம பூசலாமா?

வேண்டாம். நாய் பூனை நக்கினா விசம், மழைக்குக் கழுவுப்பட்டு நேரா கிணத்துக்குத்தான் போகும், தண்ணியோட கலக்கிற சாமான் எண்டு இவ்வளவு நேரமும் அதைத்தானே சொன்னன். மூடியுள்ள போத்தலில விட்டு, பேர் எழுதி, கழிவு ஒயில் எடுக்கிற கராஜில குடுங்க, எஞ்சின் ஒயிலோட கலக்காம. கறையானுக்கு ஹாட்வெயாரில வேற மருந்து இருக்கு.